மாத்திரை அவனை உட்கார வைத்தது, பாடம் தனி வேலை

என் மகனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காது, ஓரிடத்தில் இருக்க முடியாது) என்று தெரிந்தபோது எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் அதற்கான மீதைல்ஃபெனிடேட் என்ற மாத்திரை தொடங்கினோம். ஒரே வாரத்தில் நாற்பது நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மார்க் தானாக ஏறும் என்று நம்பி, படிக்க வைப்பதைக் கொஞ்சம் தளர்த்தினேன். காலாண்டுத் தேர்வு அறிவியலில் 31. முன்பெல்லாம் பாதித் தாள் வெள்ளையாக இருக்கும். இந்த முறை ஒரு கேள்வியையும் விடவில்லை, ஆனால் பாதிக்கு மேல் தப்பு.

அப்புறம்தான் 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உளவியலாளர் வில்லியம் பெல்ஹாம் குழுவினர் ஏடிஎச்டி உள்ள 173 பிள்ளைகளுக்குக் கோடை முகாமில் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில வாரம் இதே மருந்து, சில வாரம் மருந்தில்லாத வெற்று மாத்திரை. மருந்து எடுத்தபோது நிமிடத்துக்கு 37 சதவீதம் கூடுதலாகக் கணக்குப் போட்டார்கள், சேட்டையும் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் புதிய சொற்களையும் பாடத்தையும் கற்றுக்கொண்ட அளவு இரண்டிலும் ஒன்றுதான். தேர்வு நாளில் எடுத்த மருந்தால் கூடியது நூற்றுக்கு இரண்டு மதிப்பெண்கூட இல்லை. என் வீட்டில் நடந்ததும் இதுதானே!

அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அது தரும் அமைதியான நேரத்தில் என்ன படிக்கிறான் என்பதுதான் கேள்வி. நாங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொண்டோம். படிப்பான், புத்தகத்தை மூடுவான், பாட்டியிடம் சத்தமாகச் சொல்வான், கடைசியில் எழுதுவான். மறுநாள் புதுப் பாடத்துக்கு முன் அதே கேள்வியை மறுபடி கேட்பேன். வெறுமனே திரும்பத் திரும்ப வாசித்தது அவனிடம் ஒட்டவே இல்லை. இப்படிச் சொல்லிப் பார்த்தது ஒட்டியது. பத்தாம் வகுப்பு அரையாண்டில் அறிவியல் 75க்கு 54.

தேர்வு நேரத்தையும் கணக்குப் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு காலை 10 முதல் 1.15 வரை. அவனுடைய மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் நிற்கும். பள்ளி நாள் மாதிரி ஏழரைக்கே போட்டால் கடைசிப் பெரிய கேள்விகளுக்கு வரும்போது தீர்ந்திருக்கும். மருத்துவரிடம் கேட்டு ஒன்பது மணிக்கு மாற்றினோம், அதையும் திருப்புதல் தேர்விலேயே பழக்கிப் பார்த்தோம். மருந்து பசியை அடக்கும், அதனால் இட்லி முதலில், மாத்திரை பிறகு.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. இவனுக்கு எழுத்துப் பிழை அதிகம் என்பதால் தனியாகப் பரிசோதித்தோம். கற்றல் குறைபாடும் இருந்தது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க முடிந்தது. ஜூன் மாதமே அலையத் தொடங்குங்கள், கையில் வர எங்களுக்கு நான்கு மாதம் ஆனது.