எங்கல்பெர்க் குளிர்கால நாட்குறிப்பு

ஜனவரி 6

சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரம் நாட்கணக்காக மூடுபனிக்குள் கிடக்கிறது. ரயிலில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து, பனிச்சறுக்கு மலையூரான எங்கல்பெர்க் போய் இறங்கினால் அங்கேயும் சாம்பல் நிற வானம்தான். கம்பியில் தொங்கி மலையேறும் கொண்டோலா, மேலே ட்ரூப்சே நிலையத்தை நெருங்கும்போதுதான் மூடுபனி விலகியது. 1,800 மீட்டர் உயரத்தில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஊரைவிட மலையில்தான் குளிர் குறைவு. கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கிவிடுகிற நாட்களில் இப்படித்தான் இருக்கும்.

பனி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய பாதைகள் காலையில் இறுகிக் கிடந்தன. பதினொரு மணிக்கு மேல்தான் சறுக்குப் பலகையின் விளிம்பு பிடித்தது.

காலையின் முதல் கேபினில் எப்போதும் பழகிய முகங்கள் இருக்கும். ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், அஞ்சல் வண்டி ஓட்டும் பெண்மணி, இரவுப் பணி செய்யும் தாதிகளான நாங்கள் இரண்டு மூன்று பேர். எந்தச் சரிவில் கல் தலைகாட்டுகிறது, நேற்று மாலை காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதெல்லாம் மேலே போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும். இன்று தச்சர் எங்களை நிழல்பக்கச் சரிவு ஒன்றின் ஓரம் நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னார். பழைய பனியின்மேல் விரல்நக அளவில் மெல்லிய பளிங்கு இதழ்கள் நிமிர்ந்து நின்றன. ஊதினால் சலசலத்துச் சாய்ந்தன. அவ்வளவு அழகு. "இதை மறந்துவிடாதீர்கள். இதன்மேல் புதுப்பனி விழும் நாளில் இதுவே உருளைபோல் வேலை செய்யும்" என்றார்.

ஜனவரி 14

கடுங்குளிர். யோஹ்பாஸ் கணவாய்க்கு ஏறும் நாற்காலி லிஃப்டில் பேச்சு முழுவதும் கையுறையைப் பற்றித்தான்.

குளிர் நம்மைப் பிடிப்பது சறுக்கும்போது அல்ல, லிஃப்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான். காற்றே இல்லாத நாளிலும், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறும் நாற்காலி தனக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. வெப்பமானி −10 காட்டும்போது, அந்த வேகத்தில் முகம் உணர்வது ஏறக்குறைய −17. மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் −20-ஐத் தொட்டுவிடும்.

எனக்கு இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. ரேனோ நோய்க்குறி உள்ளவள் நான். குளிர் பட்டால் விரல்களுக்குப் போகும் சிறு தமனிகள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். முதலில் மோதிரவிரல் நுனி வெளுக்கும். அந்த வெள்ளை மேல் கணுவில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் உயிருள்ள தோல், அந்தப் பக்கம் மெழுகு. பிறகு நீலம் பாரிக்கும். இரத்தம் திரும்பும்போது சிவந்து, ஊசியால் குத்துவதுபோல் வலிக்கும்.

அதனால்தான் ஐந்து விரல் கையுறையை நான் என்றோ விட்டுவிட்டேன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். தனித்தனி உறைக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் சூட்டைத் தனியாக இழக்கும். கட்டைவிரல் மட்டும் பிரிந்த உறையே எனக்குச் சரி. உள்ளே மெரினோ கம்பளியில் மெல்லிய ஐந்து விரல் உறை. வெளியே ஆட்டுத்தோல். அதற்கு மாதம் ஒருமுறை தேன்மெழுகு தடவ வேண்டும், இல்லாவிட்டால் தோல் ஈரத்தைக் குடித்துவிடும். கையுறை நனைந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயனில்லை.

மின்கலத்தில் சூடேறும் கையுறை வாங்கச் சொன்னார் அஞ்சல் பெண்மணி. நல்ல பொருள்தான். ஆனால் கையுறையை மட்டும் நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடல் விரல்களைத்தான் முதலில் கைவிடும். கை சில்லிட்டால் முதலில் கழுத்தையும் மார்பையும் மூடுங்கள். பிறகு கையைத் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றுங்கள். இரத்தம் விரல்நுனிக்குத் தள்ளப்படும். லிஃப்டைவிட்டு இறங்கியதும் நான் தினமும் செய்வது இதுதான்.

ஜனவரி 22

ஃபோன் காற்று. ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கிலிருந்து வந்து, 100 மீட்டர் இறங்க 1 டிகிரி சூடேறும் வறண்ட காற்று இது. ஊரில் திடீரென்று வசந்தம் வந்ததுபோல் இருக்கிறது. மேலே நிலைமை வேறு. ஸ்டாண்ட் நிலையத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் கொண்டுபோகும் ரோட்டேர் இன்று ஓடவில்லை. 1992-இல் தொடங்கிய, ஏறும்போதே ஒரு முழுச் சுற்றுச் சுழலும் கேபிள் கார் அது. உலகிலேயே அந்த வகையில் முதலாவது. பலமான காற்றில் கம்பியில் தொங்கும் பெட்டியை அனுப்ப முடியாது. இதற்காக லிஃப்ட் ஊழியர்களிடம் எரிந்துவிழுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வீடு திரும்பினோம்.

பிப்ரவரி 2

மூன்று நாளாகக் கொட்டிய பனி இன்று நின்றது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. முதல் கேபினில் இடம் பிடிக்கப் பெரிய வரிசை. எல்லோர் வாயிலும் ஒரே பெயர்: லாப். 1,000 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் இறங்கும் திறந்த சரிவு. இயந்திரம் தொடாத பனி. எங்கல்பெர்க்கைத் தேடிப் பல நாட்டுக்காரர்கள் வருவதே அதற்காகத்தான்.

நாங்கள் போகவில்லை.

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. இன்றைய அபாய நிலை ஐந்தில் மூன்று. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறப்பது இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். அதுவும் பெரும்பாலும் பனிச்சரிவைக் கிளப்பிவிடுவது அதில் சிக்குபவர்களே, அல்லது அவர்களுடன் வந்தவர்கள்.

"புதைந்த பலவீன அடுக்கு" என்று அறிக்கை சொன்னது. ஜனவரியில் நாங்கள் ஊதிப் பார்த்த பளிங்கு இதழ்கள்தான் அவை. மேலே ஒரு முழம் புதுப்பனி, அதைக் காற்று அழுத்திப் பலகையாக்கியிருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடத்தில் ஒருவர் கால் வைத்தால் போதும், அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, பனிப்பலகை முழுவதும் கழன்று ஓடும். தச்சர் பேசவே இல்லை, அறிக்கையிலிருந்த வரைபடத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். பாதைக்கு உள்ளேயே முழங்கால் ஆழத்துக்குப் பொடிப்பனி ஓரங்களில் குவிந்திருந்தது. மாலைவரை அதிலேயே சறுக்கினோம். குறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9

ட்ரூப்சே பக்கம் சமதளத்தில் பயிற்சி. பனிக்குள் புதைந்தவரைச் சமிக்ஞையால் கண்டுபிடிக்க உதவும் தேடுகருவி ஒன்றைப் பைக்குள் வைத்துப் புதைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் தேடினோம்.

பனிக்குள் புதைந்தவருக்கு இருக்கும் அவகாசம் மிகக் குறைவு. பழைய பாடங்களில் கால் மணி நேரம் என்று சொல்வார்கள். சுவிஸ் பனிச்சரிவுத் தரவுகளை அலசி 2024-இல் வெளியான ஆய்வு அதை 10 நிமிடமாகக் குறைத்திருக்கிறது. 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு மூச்சுத் திணறி மரணம் வேகமாக நெருங்குகிறது. ஹெலிகாப்டர் பெரும்பாலும் அதற்குள் வந்து சேராது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் கையுறை உயிர்ப் பிரச்சினையாகிறது. தேடுகருவியைத் தேடும் நிலைக்கு மாற்றும் பொத்தான் சிறியது. பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கோலை நீட்டிக் கயிற்றை இழுத்துப் பூட்ட வேண்டும். மண்வாரியின் கைப்பிடியைத் துளையில் பொருத்த வேண்டும். தடித்த உறையோடு இவற்றைச் செய்ய முடியாது. வெறுங்கையால் செய்தால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துவிடும், அதன்பின் மண்வாரியைப் பிடிக்கும் வலுவே இருக்காது. வெளியுறையைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பளி உறையோடு மூன்று வேலைகளையும் செய்து, மறுபடி வெளியுறையை மாட்டிக்கொண்டு தோண்டினேன். வெளியுறை மணிக்கட்டில் ஒரு வாரில் தொங்கியது, காற்றில் பறக்கவில்லை. அந்த வார் இல்லாத கையுறையை யாரும் வாங்காதீர்கள்.

பிப்ரவரி 15

பெர்னிலிருந்து அக்கா அழைத்தாள். மகளுக்குப் பள்ளியில் பனிச்சறுக்கு முகாமாம். இந்தக் குளிரில் பிள்ளையை மலைக்கு அனுப்புவதா என்று பயம். நம் வீடுகளில் இந்தப் பயம் வழக்கமானது. அனுப்பாமல் நிறுத்திவிட்டு, வகுப்பு முழுவதும் போய்வந்த கதையைப் பிள்ளை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் நிலையை நான் பார்த்திருக்கிறேன். அது கூடாது.

"சித்தி, இருபது பிராங்குக்கு அழகான கையுறை பார்த்தேன், போதுமா?" என்றாள் பிள்ளை.

"போதாது கண்ணம்மா. நான் வாங்கி அனுப்புகிறேன். கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், இறுக்கமானது இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டு உள்ளுறை வைக்கிறேன், மதியம் ஒன்றை மாற்றிக்கொள். ராத்திரி ஹீட்டர்மேல் போடாதே, தோல் வெடிக்கும். தோழி கன்னத்தில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் உடனே சொல்லு, அவளும் உனக்குச் சொல்லட்டும்."

அக்காவிடம் தனியாகச் சொன்னேன்: அபாயம் உள்ள சரிவுகளுக்குப் பள்ளி கூட்டிப்போகாது, அனுப்பு.

மார்ச் 3

ஈரப்பனி, மேடுபள்ளம் தெரியாத தட்டையான வெளிச்சம், கடைசிவரை ஒரே மந்தம். பிள்ளை முகாமிலிருந்து படம் அனுப்பியிருந்தாள்: இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கையுறையோடு.

ஏப்ரல் 8

இரவில் தெளிந்த வானத்தின் கீழ் பனி உறைகிறது, பகலில் வெயிலில் மேலிருந்து இளகுகிறது. மேல் இரண்டு விரல்கடை மட்டும் இளகி, அடி கெட்டியாக நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிப்பதுதான் இப்போதைய வித்தை. முந்தினால் பல் ஆட்டும் கரடுமுரடு, பிந்தினால் முழங்கால்வரை கஞ்சி. பிற்பகலில் ஈரப்பனிச் சரிவு அபாயம் ஏறும் என்று காலை அறிக்கை சொல்லியிருந்தது. புதைந்த அடுக்கைப் பற்றி வாரக்கணக்கில் பேச்சே இல்லை.

தச்சர் கைக்கடிகாரத்தையும் வெயில் விழும் கோணத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான நேரம் வந்ததும் "போகலாம்" என்றார். ஒவ்வொருவராக இடைவெளி விட்டு லாபில் இறங்கினோம். பலகை ஓசையின்றி வழுக்கியது. தொடை எரியும்வரை நிற்காமல் திரும்பித் திரும்பி இறங்கி, அடிவாரத்தில் மூச்சிரைக்க நின்றபோது என் கையில் இருந்தது கம்பளி உள்ளுறை மட்டும். விரல்கள் பத்தும் சிவப்பு.

பதினொன்றரைக்கு ஊருக்குள் வந்துவிட்டோம். அஞ்சல் பெண்மணி தன் மின்கலக் கையுறையை என்னிடம் தந்து, இந்தக் கோடையில் பார்க்கச் சொன்னார், உள்ளே தையல் பிரிந்திருக்கிறதாம். தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நாளை இரவுப் பணி.