அம்மாச்சி வீட்டுக்கு எத்தனை தூண்?

போன ஆடியில் பேனாவும் கறுப்பு மையுமாக வரைய உட்கார்ந்தேன். இப்போது பங்குனி. நாற்பத்து மூன்று படங்கள் சேர்ந்திருக்கின்றன. நாலு பேருக்குக் காட்டலாம் என்கிற தரத்தில் ஆறோ ஏழோ தேறும். இந்த எட்டு மாதத்தில் எது வந்தது, எது வரவில்லை என்று எனக்கே ஒரு கணக்கு வேண்டும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது ஒரு பழைய வாழ்த்து அட்டை. அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது கரண்ட் பில் ரசீதுகளுக்கு நடுவில் கிடைத்தது. மனோகர் தேவதாஸின் கோட்டோவியம் அச்சிட்ட அட்டை. மதுரைக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 1936-இல் மதுரையில் பிறந்தவர், வேதியியல் படித்து வேலை பார்த்தபடியே வரைந்தவர். 1972-இல் நடந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது. இவருக்கோ ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. இருவரும் சேர்ந்துதான் அட்டைகள் போட்டார்கள். படம் அவருடையது, குறிப்பு மஹிமாவுடையது, வந்த பணம் தர்ம காரியத்துக்கு. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 டிசம்பரில் காலமானார்.

அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பெரிய எண்ணம் எதுவும் வரவில்லை. இந்த மனுஷன் எத்தனை கோடு போட்டிருப்பார் என்றுதான் தோன்றியது. ஒரு தாளில் தீப்பெட்டி அளவுக்குச் சன்னல் வெட்டி, படத்தின் மேல் வைத்து எண்ணிப் பார்த்தேன். இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே ஒரு மைப்புட்டி வாங்கிவிட்டேன்.

அந்த மைப்புட்டியால் முதல் வாரமே ஒரு பேனா போச்சு. பத்தாம் வகுப்பு முடித்தபோது மாமா வாங்கித் தந்த பேனா அது. தண்ணீர் பட்டாலும் கரையாத டிராயிங் மையை ஊற்று பேனாவில் ஊற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. அந்த மையில் கரித்தூளோடு, காய்ந்ததும் இறுகிப்போகும் பிசினும் சேர்ந்திருக்கும். நிப்புக்கு அடியிலுள்ள மெல்லிய ஓடைக்குள் காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். வெந்நீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டும் அசையவில்லை. கட்டையில் செருகித் தொட்டு எழுதும் நிப்புக்குத்தான் அந்த மை சரி. எனக்குத் தொட்டுத் தொட்டு எழுதப் பொறுமை இல்லாததால் பிக்மா மைக்ரான் பேனாவுக்கு மாறிவிட்டேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் 01 என்று போட்டிருந்தால் கோட்டின் அகலம் 0.1 மில்லிமீட்டர் இல்லை, 0.25. அதைவிட மெல்லியது வேண்டுமென்றால் 005, அது 0.20. நான் அதை வாங்கி, கையை அழுத்தி அழுத்தி இரண்டே நாளில் முனையை உள்ளே தள்ளிவிட்டேன்.

தாளிலும் அலைந்தேன். சாதாரண ஸ்கெட்ச் புக்கில் மை வேர்விட்டுப் பரவியது. கடைசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் வெட்டியது போக மிஞ்சிய ஐவரி அட்டையை எடைக்குக் கொடுத்தார்கள். வழவழப்பாக இருப்பதால் கோடு விளிம்பு கலையாமல் நிற்கிறது. சின்னத் தப்பை பிளேடால் சுரண்டியும் எடுக்கலாம்.

அடுத்த ஒரு மாதம் படமே வரையவில்லை. கட்டம் போட்டு, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை நிழல் ஏற்றிப் பழகினேன். கோட்டின் மேல் குறுக்குக் கோடு போடும்போது நேர்க்குறுக்காகப் போட்டால் கொசுவலை மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சமாகச் சாய்த்து, இருபது முப்பது டிகிரியில் போட்டால்தான் நிழல் நிழலாகத் தெரிகிறது. இதை நானே கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமைப்பட்டேன். அப்புறம் அந்த அட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் எல்லாமே சாய்வுதான்.

ஒருநாள் ஒரு சோதனையும் செய்தேன். அந்த விழித்திரை நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும், நடுவில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும் என்று சொல்வார்கள். செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, மற்றதை மூடிக்கொண்டு, எதிர்வீட்டு மொட்டைமாடியை வரையப் பார்த்தேன். கோடு போட முடிகிறது. ஆனால் போட்ட கோட்டின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. தண்ணீர்த்தொட்டி மாடியை விட்டுத் தள்ளி ஆகாயத்தில் நின்றது. பத்து நிமிடத்தில் குழாயைப் போட்டுவிட்டேன். நான் போட்டுவிடலாம்.

ஐப்பசிக்கு மேல்தான் வெளியே போனேன். முதலில் யானைமலை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தேன். எளிது என்று நினைத்தது தப்பு. கோபுரமென்றால் பிடித்துக்கொள்ள ஆயிரம் பொம்மை இருக்கும், ஒன்று கோணினாலும் யாருக்கும் தெரியாது. இது ஒரே நீளப் பாறை. கோடுகள் பாறையின் வளைவோடு போகாவிட்டால் உடம்பே வராது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, “தார்ப்பாய் போட்ட லாரி மாதிரி இருக்கு சார்” என்றார். இருந்தது. நான்கு வாரம், நான்கு ஞாயிற்றுக்கிழமை. நான்காவது படத்தைப் பார்த்து, “தும்பிக்கைக்கு இன்னும் கொஞ்சம் நிழல் கொடுங்க” என்று சொல்லுமளவுக்கு அவர் தேறிவிட்டார். அவர் சொன்ன இடத்தில் நிழல் கொடுத்த பிறகுதான் அது மலையாச்சு.

திருமலை நாயக்கர் மகாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். அந்த ஒரு பங்கே எனக்கு ஏழாவது தூணில் கணக்கைத் தப்ப வைத்தது. தூரத்துத் தூண்கள் எவ்வளவு சிறுக்க வேண்டும் என்று பென்சிலில் கோடு இழுத்து வைக்காமல் நேராக மையில் இறங்கினால் இப்படித்தான். எட்டாவது தூண் ஏழாவதைவிடக் குண்டாக நிற்கிறது. அந்தப் படம் பரணில்.

வண்டியூர் தெப்பக்குளம் வேறு மாதிரி. அங்கே படத்தைவிட ஆட்கள்தான் கிடைத்தார்கள். சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து மைய மண்டபத்தை வரைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. பிம்பத்தை வரையும்போது கட்டிடத்துக்குச் செங்குத்துக் கோடு, தண்ணீருக்குப் படுக்கைக் கோடு என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பக்கத்தில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, என் தாளில் தண்ணீர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். “இங்கதான் எங்களுக்கு பிட்ச்சு. குளம் வருசக்கணக்கா வறண்டு கிடந்துச்சு. இந்தப் படியில விழுந்தா ஃபோரு.” பிறகு யார் யார் எங்கே நின்று பந்து பிடித்தார்கள் என்று விரலாலேயே ஒவ்வொருவராக நிறுத்தினார். இரண்டு பேர் இப்போது இல்லை என்றார். என் தாளில் சுண்டல் எண்ணெய் வட்டமாகப் பதிந்துவிட்டது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டாள்: “இடிச்ச வீட்டை வரைய முடியுமா உனக்கு?”

அம்மாச்சி வீடு. மேலூர்ப் பக்கம். இடித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் லீவுக்குப் போய் வந்த வீடுதான், வரைந்துவிடலாம் என்று தைரியமாகத் தாளை எடுத்தேன். திண்ணை, நாட்டு ஓடு, வாசல், வலப்பக்கம் முருங்கை. ஒரு மணி நேரத்தில் பென்சிலில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். “இது யார் வீடு?”

தூண் நாலு என்றாள். நான் இரண்டு போட்டிருந்தேன். மதுரைக்கு வந்திருந்த மாமாவிடம் கேட்டால், “ரெண்டுதான் மாப்ள. உங்கம்மாவுக்கு எதையும் கூட்டித்தான் சொல்ல வரும்.” அம்மா அடுப்பங்கரையிலிருந்தே, “அந்த வீட்டுல நீ என்னைக்குப் பகல்ல இருந்த?” என்றாள். கிணறு முருங்கைக்கு அங்கிட்டா இங்கிட்டா, கிணற்றில் இருந்தது இரும்பு உருளையா மரக்கப்பியா என்று பேச்சு போய், நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு நிலத் தகராறில் வந்து நின்றது. நான் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தங்கை இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

போட்டோ இருக்கிறதா என்று தேடினோம். ஒன்றே ஒன்று கிடைத்தது. மாமா கல்யாணத்தில் எடுத்தது, மாமாவும் அத்தையும் திண்ணை முன்னால் நிற்கிறார்கள். அத்தையின் தோளுக்குப் பின்னால் ஒரு தூண், அதையடுத்து வாசல்நிலையின் ஓரம். இதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அத்தை ஐந்தடி. அப்படியென்றால் தூணுக்கும் நிலைக்கும் நடுவில் சுமார் நாலடி. திண்ணை எவ்வளவு நீளம் என்று யாருக்கும் அடிக்கணக்கில் தெரியவில்லை. “நாலு ஆளு காலும் தலையுமா நீட்டிப் படுக்கலாம்” என்றார் மாமா. ஆக இருபத்திரண்டு அடி. நடுவில் வாசல், இருபக்கமும் நாலடி தள்ளித் தூண். வாசல் அகலம் போக இரு கோடியிலும் மீதி ஐந்தைந்து அடிக்கு ஓட்டைத் தாங்கியது எது? நாலு தூண் என்ற அம்மாவின் பக்கம் சாய்ந்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

இதைத் தீர்த்தது பெரியம்மா. எண்பதைத் தாண்டியவர், போனில் சொன்னால் புரியாது என்று நேரிலேயே போனோம். பென்சிலை நீட்டினேன். “எனக்கு இதுல வராது” என்று எழுந்து போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தார். வாசலில் தண்ணீர் தெளித்து, காயும்வரை காத்திருந்து, குனிந்து இழுக்க ஆரம்பித்தார். சுவருக்கெல்லாம் இரட்டைக் கோடு, கை பழக்கம். முற்றம், பட்டாசல், குலுக்கை நின்ற மூலை, அடுக்களை, கொல்லை வாசல். கிணறு முருங்கைக்கு இங்கிட்டுத்தான். திண்ணைக்கு வந்ததும் வாசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். பிறகு திண்ணையின் இரு கோடியிலும் சுவரோடு ஒட்டி ஒரு பாதிப் புள்ளி. “இது சுவத்துல பதிச்ச அரைத்தூணு. தீபாவளிக்கு நாலுக்கும்தான் வெள்ளையடிப்போம்.”

இரண்டும் சரி. மாமா தனியாக நின்ற தூணை மட்டும் எண்ணியிருக்கிறார், அம்மா வெள்ளையடித்த தூணை. யாரும் மிதிப்பதற்குள் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பெரியம்மாவுக்கு நிமிர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்தவர் கோலத்தின் மேலேயே நடந்து போய், அடுக்களை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

அதன் பிறகு மூன்று முறை வரைந்தேன். முதலாவதில் ஓட்டின் சரிவு தப்பு. இரண்டாவதில் முருங்கை இலையைத் தனித்தனியாகப் போடப்போய் மரம் கம்பளிப்பூச்சி பிடித்ததுபோல ஆனது. இலையைப் போடாமல் இலைக்கொத்தின் நிழலை மட்டும் புள்ளி வைத்து ஏற்றினால் போதும் என்று மூன்றாவதில்தான் பிடிபட்டது. பதினொரு நாள் ஆனது. நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாக வரைந்து முடித்தபோது கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “நான் வாங்கித் தந்த பேனாவா மாப்ள?” ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் அசலைக் கொடுத்தேன். தூண்களை எண்ணினாள். கிணற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “கதவை ஏன் சாத்தி வெச்சிருக்க?” என்றாள்.

உள்ளே இருட்டை வரைவது கஷ்டம் என்பதால் சாத்தியிருந்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. “பகல்ல அந்தக் கதவை என்னைக்குடா சாத்துனோம்?”

திறப்பது சுலபம் என்று தோன்றியது. பலகைக் கோடுகளின் மேலேயே மையை ஏற்றி முழுக்கக் கறுப்பாக்கிவிட்டால் திறந்த வாசல்தானே. பேனாவை எடுத்தேன். அம்மா தடுத்தாள். திண்ணைக்கு எதிரே தெருவில் நின்று பார்த்தால் உள்ளே முழு இருட்டாக இருக்காதாம். நடுவில் முற்றத்து வெயில் தெரியும், அதையும் தாண்டிக் கொல்லை வாசல் ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அங்கே அம்மாச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பது நிழலாகத் தெரியும். மையில் கறுப்பைக் கூட்டலாம், போட்ட இடத்திலிருந்து வெயிலை எடுக்க முடியாது. பிளேடால் சுரண்டுகிற அளவும் இல்லை.

நேற்று அச்சகத்துக்குப் போய் இன்னும் அரைக் கிலோ ஐவரி அட்டை வாங்கி வந்தேன்.