இந்த வருடம் பொன்னாடை கிடையாது
எங்கள் பொறியாளர் சங்கத்தில் செப்டம்பர் 15-க்கு, அதாவது பொறியாளர் தினமாகக் கொண்டாடும் விஸ்வேஸ்வரய்யா பிறந்தநாளுக்கு, இந்த முறை மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்தும் வேலை இல்லை, நேராக வைகை அணைக்குப் போகிறோம். அப்பாடா! 71 அடி அணையின் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிறோமே தவிர, மதகுப் பக்கம் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வழியில் பெரியாறு அணைக் கதையும் உண்டு. 1895-ல் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து அந்த அணையைக் கட்டி, மேற்கே ஓடிய தண்ணீரைச் சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பியதை மூத்த உறுப்பினர் ஒருவர் சொல்வார். போன கூட்டத்தில் அவர் ஒரு பிடி சுர்க்கியை, செங்கல் பொடிதான், உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார், விரலெல்லாம் சிவப்பு.

சரி, வேன் மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6 மணிக்கு. அப்புறம், சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வண்டியில் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள், புளியோதரை அந்தக் காசில்தான்.