கேட்டுக்கு உள்ளே முதல் வாரம்

ஜனவரி 19, திங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் வரவில்லை. திருப்பூரில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' போர்டுதான் (இரண்டும் தையல் மெஷின் வகைகள்), ஆள் எடுப்பதை நான் கவனிக்கும் எங்கள் தையல் கம்பெனி கேட்டிலும் ஒன்று தொங்குகிறது. அதை இன்னும் பெரிதாக அடிக்கலாம் என்கிறார் முதலாளி. ஆள் வராமலா இருக்கிறார்கள்? வந்தவர் சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார், அதற்கு போர்டு என்ன செய்யும்.

ஜனவரி 21, புதன்

நின்றுபோனவர்களுக்கு போன் போட்டுக் கேட்டேன். சம்பளம் குறைவு என்று ஒரு சிலர்தான் சொன்னார்கள். பீஸ் ரேட், அதாவது தைக்கும் ஒரு பீஸுக்கான கூலி, எவ்வளவு என்பதே சம்பள நாளில்தான் தெரிந்தது என்றார் ஒரு அக்கா. ஒடிசா பையன் ஒருவன், சூப்பர்வைசர் திட்டியதைத் தவிர யாரும் தன்னிடம் பேசவே இல்லை என்றான். இன்னொருவருக்கு மருத்துவக் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ 0.75 சதவீதமும் வருங்கால வைப்பு நிதியான பிஎஃப் 12 சதவீதமும் பிடித்ததைப் பார்த்ததும் கம்பெனி ஏமாற்றுகிறது என்று தோன்றிவிட்டது. தோன்றாதா பின்னே, யாரும் சொல்லவில்லையே.

ஜனவரி 24, சனி

போர்டில் ஷிப்ட் சம்பளத்தை, அதாவது எத்தனை பீஸ் தைத்தாலும் ஒரு ஷிப்டுக்குக் கிடைக்கும் கூலியை, தொகையோடு எழுதியாயிற்று. இனி பயோடேட்டா கேட்கப்போவதில்லை, மெஷினில் உட்கார்ந்து தோள் ஜாயின்ட் அடித்துக் காட்டினால் போதும், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. பணி நியமனக் கடிதம் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். "நம்ம சைஸ் கம்பெனிக்கு லெட்டரெல்லாம் எதுக்கும்மா?" என்றார் முதலாளி. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன, எல்லோருக்கும் கடிதம் கொடுத்தே ஆகவேண்டும் என்று எடுத்துக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 28, புதன்

உண்மையான சிக்கல் லைனில், ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்கிற மெஷின் வரிசையில், இருக்கிறது. புது ஆளுக்குக் கை ஓடாது, அவர் மெஷினுக்கு முன்னால் பீஸ் குவியும், பின்னால் இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பீஸ் ரேட் என்பதால் அவர்கள் காசும் சேர்ந்து போகும், அப்புறம் எப்படிச் சிரித்துப் பேசுவார்கள்? அதனால் முதல் வாரம் புதியவருக்கு ஷிப்ட் சம்பளம், டார்கெட் கிடையாது, அந்த லைனுக்குக் குறைகிற பீஸை கம்பெனி ஈடுகட்டும் என்று ஏற்பாடு. பக்கத்து மெஷின்காரருக்கு, சொல்லிக்கொடுப்பதற்காகத் தனியாக ஒரு தொகை. சூப்பர்வைசருக்கு ஒரே கோபம். "லோடு நாளைக்கு ஏறணும், இவனுக்கு எப்பங்க மேடம் சொல்லிக் குடுக்கறது?" அவர் கேட்பதும் நியாயம்தான்.

பிப்ரவரி 7, சனி

புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானோர் இன்று இரண்டாவது வாரச் சம்பளம் வாங்கினார்கள். ஒருவர் கூடுதல் ரேட் கிடைத்து வேறு இடத்துக்குப் போய்விட்டார், சொல்லிவிட்டுத்தான் போனார். சூப்பர்வைசர் இன்சென்டிவ் இன்னும் உற்பத்தியை மட்டும் பார்த்தே கணக்காகிறது. புது ஆள் மாதம் முடிய நின்றால் அதற்காகவும் சூப்பர்வைசருக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மார்ச்சில் பார்க்கலாம் என்றிருக்கிறார் முதலாளி. தேதி கேட்டு வாங்கவேண்டும்.