இங்கினியாகலைக் குவாட்ஸில் 31 பாகைக் குமிழி

இங்கினியாகலைப் பக்கத்தில் நைசுப் பாறையை ஊடறுக்கும் வெண்ணிற நாளத்திலிருந்து உதிர்ந்த குவாட்ஸ் துண்டில், நெடுநாள் தேடிய திரவ உள்ளடக்கம், அதாவது பளிங்கு வளரும்போது உள்ளே சிறைப்பட்ட நுண்ணிய திரவத்துளி, தெரிந்துவிட்டது. அதிகாலையில் நுணுக்குக்காட்டியில் நீரும், அதனுள் ஒரு வளையமும், வளையத்துக்குள் ஒரு குமிழியும் தெளிவாக நின்றன. நண்பகலில் மட்டக்களப்பு வெயில் அறையை 31 பாகைக்கு மேலேற்றியதும் உட்குமிழி மறைந்து, இரவு குளிர்ந்தபின் மீண்டது. காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை, அதாவது திரவமும் வாயுவும் வேறுபாடின்றி ஒன்றாகும் வெப்பநிலை, 31.1 பாகை செல்சியஸ் என்பதால், வளையத்தில் திரவமாகவும் குமிழியில் வாயுவாகவும் இருப்பது அதுவே என்று உறுதியாகச் சொல்வேன். சூடேறாத எல்.ஈ.டி. விளக்கு இல்லாவிடில் காலையிலும் அக்குமிழி நிலைத்திருக்காது.

இதற்கெல்லாம் மெருகேற்றலே உயிர்நாடி. பால் நிறக் குவாட்ஸ் அந்நிறத்தைப் பெறுவதே எண்ணற்ற நுண்ணிய உள்ளடக்கங்களால்தான் என்பதால், ஒளி ஊடுருவ அதனை அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்க்கவேண்டும். அடுப்பில் உருக்கிய பிசினால் கண்ணாடியில் ஒட்டினால் உள்ளடக்கங்கள் வெடிக்கக்கூடும். ஆகவே சுப்பர் குளூவால் ஒட்டிப் பின்னர் அசற்றோனில் ஊறவைத்துக் கழற்றுகிறேன். ஒவ்வொரு தர வாட்டர் பேப்பருக்கும் துண்டை 90 பாகை திருப்பி, முந்தைய கீறல்கள் முற்றாக அழியும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. இப்போது துண்டைப் பத்திரிகைமேல் வைத்தால் கீழுள்ள எழுத்துகளைப் படிக்கலாம். இந்த மெருகைக் குறித்துப் பெருமைப்படுகிறேன். வாட்டர் பேப்பர் கல்முனையில் தாராளமாகக் கிடைக்கிறது. இறுதி மெருகுக்கான சீரியம் ஒட்சைட்டை மட்டும் இரத்தினபுரியில் கல் பட்டை தீட்டுவோரிடமிருந்து வருவிக்கவேண்டியுள்ளது.

கருங்கல்லின் குவாட்ஸ் பெரும்பாலும் 650 பாகைக்கு மேற்பட்ட பாறைக்குழம்பிலிருந்து பளிங்காகிறது. உருமாறிய பாறைகளில் பொன் தாங்கும் நாளங்களின் குவாட்ஸோ பெரும்பாலும் 200 முதல் 400 பாகை வரையான சுடுநீரிலிருந்து படிகிறது. என் துண்டு எவ்வெப்பநிலையில் படிந்ததென அறிய, 1858ஆம் ஆண்டு ஆங்கிலேயப் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி விளக்கிய வழியில், நீரும் காபனீரொட்சைட்டும் ஒரே நிலையாகும்வரை சூடாக்கவேண்டும். அப்போது கிடைப்பது கீழெல்லை மட்டுமே; ஆழத்து அமுக்கத்தைக் கணக்கிட்டால் உண்மை வெப்பநிலை அதனிலும் உயரும். மறுபக்க மெருகு இன்னும் முடியவில்லை. ஆயினும் நுணுக்குக்காட்டி மேடையில் பொருத்தும் சிறு சூடாக்கிக்கு சூடேற்றும் நிக்குரோம் கம்பியும் வெப்பநிலை அளக்கும் வெப்பவிணையும் தேடத் தொடங்கிவிட்டேன்.