பெட்டிக்குள் போனால் ஓம் ஏறுமா?

ஜூன் 4

10 அங்குல சப்வூஃபரின் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) முதுகில் ‘4 ஓம்’ என்று அச்சிட்டிருக்கிறது. மல்டிமீட்டரில் அதன் காயிலின் (கம்பிச்சுருள்) மின்தடை 3.5 ஓம். ஆனால் பாட்டு மாறுமின்னோட்டமாக அல்லவா வருகிறது? ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1 கிலோ ஓம் தடையைப் போட்டு, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பை, அளந்தேன். பெட்டியில்லாத ஸ்பீக்கர் 30 ஹெர்ட்ஸில் 38 ஓம் வரை ஏறுகிறது. காற்றைத் தள்ளும் கூம்பு அங்கேதான் சிரமமின்றி ஆடும். அதோடு சேர்ந்து ஆடுகிற காயில் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தை மறிக்கும்.

ஜூன் 7

40 லிட்டர் மூடிய பெட்டி தயார். அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்காகச் சேர்ந்துகொண்டதால் இம்பீடன்ஸ் சிகரம் 45 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டது. உயரம் 26 ஓம். ஸ்பீக்கரின் வாஸ் அளவு (கூம்பைத் தாங்கும் பகுதியின் விறைப்புக்குச் சமமான ஸ்பிரிங்காகும் காற்றின் கன அளவு) 50 லிட்டர். அதை 40-ஆல் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.5. முப்பதை அதனால் பெருக்கினால் 45. ஏட்டுக் கணக்கு இவ்வளவு சுத்தமாகப் பலிப்பது அபூர்வம்.

ஜூன் 13

அதே பெட்டியில் 10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். குழாய்க்குள் காற்று 35 ஹெர்ட்ஸில் ஒத்ததிர 41 செ.மீ. நீளம் தேவை, பெட்டிக்குள் நேராக நிற்காது, எல்போ போட்டு வளைக்க வேண்டியதாயிற்று.

இப்போது சிகரங்கள் இரண்டு: 20 ஹெர்ட்ஸ் அருகே ஒன்று, 53 அருகே இன்னொன்று. நடுவில் 35-இல் பள்ளம், வெறும் 4.4 ஓம். மூடிய பெட்டியில் இதே 35-இல் 10 ஓம் இருந்தது! குழாய்க் காற்று அங்கே ஒத்ததிர்ந்து முழு வேலையையும் எடுத்துக்கொள்கிறது. கூம்பு ஏறக்குறைய அசைவதே இல்லை. அசைவில்லையென்றால் எதிர் மின்னழுத்தமும் இல்லை. மிஞ்சுவது கம்பியின் தடைதான். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் இப்படிக் குழாய் வைத்த துளைப் பெட்டிகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இருந்தாலும் முள் அப்படி விழுவதைப் பார்க்கத் தனி ருசி.

ஜூன் 14

மைத்துனர் காருக்கு இதே ஸ்பீக்கர் இரண்டு வாங்கியிருக்கிறார். பக்க இணைப்பில் போடலாமாம். “பெட்டிக்குள் போனால் ஓம் தானாக ஏறிவிடும்” என்று கடையில் சொன்னார்களாம். பாதி உண்மை. சிகரங்களில் ஏறும், 35-இல் இரண்டும் சேர்ந்து 2.2 ஓம்தான். அவருடைய ஆம்ப்ளிஃபயர் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. தொடரிணைப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். சத்தம் குறையுமே என்கிறார். குறையட்டும், ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும்.