தாராசுரத்தில் ஒரு மாலை

கும்பகோணத்தில் ஆதிகும்பேசுவரரையும் சார்ங்கபாணியையும் காலையிலேயே தரிசித்துவிட்டு, மாலையில் அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குச் சென்றேன். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய இக்கோயிலும் கங்கைகொண்ட சோழபுரமும், 1987இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருந்த தஞ்சைப் பெரிய கோயிலோடு 2004இல் சேர்க்கப்பட்டன.

சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போன்ற முன்மண்டபத்தின் எதிரில்தான் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள், அது அழகுதான். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை, கருவறையின் வெளிச்சுவரில் அடித்தளத்தை ஒட்டி வரிசையாக ஓடும், நாயன்மார் வரலாற்றைச் சொல்லும் மிகச் சிறிய சிற்பங்களே. சுந்தரர் அவிநாசியில் பதிகம் பாடி, முதலை விழுங்கிய பிள்ளையை மீட்ட கதையும் அவற்றில் உண்டு. தரையில் அமர்ந்து, முகத்தைக் கல்லருகே கொண்டு சென்றபோதுதான் முதலையின் வாயிலிருந்து அந்தச் சிறுவன் வெளிவருவது தெளிவாகத் தெரிந்தது. சேக்கிழார் சொல்லில் வடித்ததை, சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே ஒரு சிற்பி உள்ளங்கை அகலக் கல்லில் வடித்திருக்கிறான் என்று எண்ணியபோது கண் கலங்கிவிட்டது.

எண்ணெய்க் கையோடும் விபூதிக் கையோடும் இச்சிற்பங்களைத் தொடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சில முகங்கள் ஏற்கெனவே மழுங்கிவிட்டன.